மறைந்த அறிவியல் புனைகதை எழுத்தாளரின் காமிக்ஸ் சேகரிப்பை ஏலத்துக்குக் கொண்டுசெல்லுதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹார்லன் எலிசன் 2018 ஜூன் 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவருடைய மனைவி சூசன் 2020-இல் மறைந்த பிறகு, வீடு நிறைய இருந்த புத்தகங்களையும் ஓவியங்களையும் காமிக்ஸ் இதழ்களையும் கவனிக்கும் பொறுப்பு, அவருடைய நண்பரும் எழுத்தாளருமான ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியிடம் வந்து சேர்ந்தது. காமிக்ஸ் சேகரிப்பு டல்லஸ் நகரத்தின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் வழியாக ஏலத்துக்கு வந்தது. எலிசன் காமிக்ஸ்களை வாசித்தவர் மட்டுமல்லர். 1971-இல் வெளியான அவெஞ்சர்ஸ் 88-ஆம் இதழும் ஹல்க் 140-ஆம் இதழும் அவர் தந்த கதைக்கருவை வைத்து ராய் தாமஸ் எழுதியவை. 1986-இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 567-ஆம் இதழில் பேட்மேன் கதை ஒன்றை எலிசனே எழுதினார். இத்தகைய ஒருவரின் அலமாரியில் இருந்த பிரதியும், அதே இதழின் வேறொரு பிரதியும் ஒன்றாகிவிட மாட்டா.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அந்த வேறுபாடுதான் அடிப்படை. எழுத்தாளரின் பெட்டிகளில் இரண்டு மதிப்புகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அந்த இதழுக்குச் சந்தையில் எவரிடமும் கிடைக்கக்கூடிய மதிப்பு. மற்றொன்று, அது இன்னாருடையதாக இருந்தது என்பதால் வரும் மதிப்பு. முதலாவதை இன்று தவறவிட்டாலும் நாளை மீட்கலாம். இரண்டாவது, இதழுக்கும் உடையவருக்கும் இடையிலான சான்று அறுந்துபோன அன்றே இல்லாமல் போகிறது. குடும்பத்தார் நல்லெண்ணத்தோடு வீட்டை ஒழுங்குபடுத்தும் முதல் வாரத்திலேயே அது பெரும்பாலும் அறுந்துவிடுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படும் சட்டம், வரி, ஏல நடைமுறைகள் அனைத்தும் அமெரிக்காவுக்கு உரியவை.

படி 1: எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள்

முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. அறையைப் பூட்டுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிறகு நல்ல வெளிச்சத்தில் அறையின் நான்கு பக்கங்களையும், ஒவ்வோர் அலமாரியையும், அலமாரியின் ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு பெட்டியின் வெளிப்புறத்தையும் படம் எடுங்கள். பெட்டிமேல் எழுத்தாளர் தம் கையால் எழுதிய தலைப்பு இருந்தால் அதை அண்மையில் வைத்துத் தனியாகப் படம் எடுங்கள். எந்த இதழுக்குப் பக்கத்தில் எந்த இதழை வைத்திருந்தார் என்பதும் ஒரு செய்திதான்: எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காக விண்வெளிக் கதைகளை மட்டும் தனியாக எடுத்து மேசையருகே வைத்திருந்திருக்கலாம், அகர வரிசையில் அடுக்கிய நொடியில் அது மறைந்துவிடும்.

அதன்பின் பெட்டிகளுக்கு எண் இடுங்கள். எண்ணைப் பெட்டியின்மேல் எழுதாமல், கட்டித் தொங்கவிடும் சீட்டில் எழுதுங்கள். ஒவ்வோர் இதழையும் திறக்கும்போது பக்கங்களுக்கிடையே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிதம், பதிப்பாளரின் காசோலைத் துண்டு, பழைய கடை ரசீது, கதைக்குறிப்பு கிறுக்கிய தாள் எனப் பலவும் கிடைக்கும். கண்டெடுத்த தாளையும் அது இருந்த இதழையும் பக்கத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்த பிறகே பிரிக்க வேண்டும். தாளை இதழுக்குள்ளேயே விட்டுவிடுவதும் சரியன்று, ஏனெனில் அமிலம் ஏறிய தாள் பக்கத்தில் பழுப்புக் கறையைப் பதித்துவிடும்.

படி 2: விற்கும் உரிமை யாருக்கு என்பதை உறுதி செய்யுங்கள்

உயிலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. நீதிமன்றம் உயில் நிறைவேற்றுநருக்கு வழங்கும் அதிகாரச் சான்றோ, சொத்து அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டிருந்தால் அதன் பொறுப்பாளர் என்பதற்கான ஆவணமோ இருந்தால்தான் நல்ல ஏல நிறுவனம் பொருளை ஏற்கும். உயிலின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டுப் பொருள்கள் ஒருவருக்கும், இலக்கியப் படைப்புகளும் காகிதங்களும் வேறொருவருக்கும் என்று எழுதப்பட்டிருந்தால், எழுத்தாளர் திருத்தக் குறிப்புகள் எழுதிய காமிக்ஸ் பிரதி எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி எழும். அதை விற்பனைக்கு முன்பே வழக்கறிஞரின் துணையுடன் எழுத்து வடிவில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருப்பதெல்லாம் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நண்பரிடம் இரவல் வாங்கியவை, நூலக முத்திரை உள்ளவை, பதிப்பகம் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி அனுப்பிய மூல ஓவியப் பக்கங்கள் ஆகியவற்றைத் தனியே ஒதுக்குங்கள். அதேபோல், பொருளை வைத்திருப்பது வேறு, அதில் உள்ள எழுத்தின் காப்புரிமை வேறு. பெட்டியில் கிடைத்த கடிதத்தை விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு. கடிதத்தின் வாசகத்தை அச்சிடும் உரிமை அதை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரியது. ஏலப் பட்டியலில் கடிதத்தை முழுமையாகப் படம் போட விரும்புவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

காப்பீட்டை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருள்களுக்கு மிகக் குறைந்த தொகையோடு நின்றுவிடுவது வழக்கம். நடிகர் நிக்கோலஸ் கேஜின் வீட்டிலிருந்து 2000-இல் திருடுபோன, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 2011-இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருந்த ஒரு வாடகைக் கிடங்கின் பொருள்களுக்கிடையே கிடைத்தது. அதே ஆண்டு அது 21 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. ஒரே நாளில் லட்சக்கணக்கில் அச்சான பொருளில் இது என்னுடையது என்று காட்டுவதற்கு, மடிப்பு, கறை, கிழிசல் ஆகியவை தெரியும் படங்களை விட்டால் உங்களிடம் வேறு சான்று இருக்காது.

வரியைப் பொறுத்தவரை ஒரு நாளை மறக்காதீர்கள்: எழுத்தாளர் இறந்த நாள். அமெரிக்கச் சட்டப்படி, மரபுரிமையாக வந்த பொருளின் அடக்க விலை பொதுவாக அந்த நாளின் சந்தை மதிப்பாகும். 1962-இல் 12 சென்ட் கொடுத்து வாங்கிய இதழ், அவர் இறந்த நாளில் 20,000 டாலர் பெறுமானம் உடையதாக இருந்து, ஏலத்தில் உங்கள் கைக்கு 22,000 டாலர் வந்தால், ஆதாயமாகக் கொள்ளப்படுவது 2,000 டாலர்தான். சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால ஆதாயத்துக்குக் கூட்டரசு வரி விகிதத்தின் உச்சம் 28 விழுக்காடு. ஆகவே இறந்த நாளின் மதிப்பைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்திருப்பது வாரிசுக்குப் பெரும் பாதுகாப்பு. மொத்தச் சொத்து கூட்டரசு வரம்பைத் தாண்டினால், அதாவது 2026-இல் 1.5 கோடி டாலரைத் தாண்டினால், இறந்த ஒன்பது மாதங்களுக்குள், இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின்மீதான வரிக்குரிய அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். மாநில வரம்புகள் இதைவிடக் குறைவாக இருக்கலாம். மதிப்பிடுபவரும் வாங்குபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலவசமாக மதிப்பிட்டுத் தருகிறேன் என்று முன்வரும் வியாபாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் நலன் வேறு, உங்கள் நலன் வேறு.

படி 3: விற்கக் கூடாதவற்றைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலான குடும்பங்கள் தாண்டிவிடுகின்றன. அறிவியல் புனைகதை உலகில் இதற்கு வருத்தமான முன்னுதாரணங்கள் உண்டு. அத்துறையின் பெரும் சேகரிப்பாளராக விளங்கி, முகவராகவும் இதழாசிரியராகவும் இருந்த ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன், வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றைத் தம் வீட்டிலேயே பொதுமக்களுக்குக் காட்டி வந்தார். முதுமையில் பெரும்பகுதியை விற்க நேர்ந்தது. 2008 டிசம்பரில் அவர் இறந்த சில மாதங்களிலேயே, 2009 ஏப்ரலில், எஞ்சியவையும் ஏலத்தில் பிரிந்து போயின. புனைகதை வரலாற்றாசிரியர் சாம் மோஸ்கோவிட்ஸின் சேகரிப்பு 1999-இல் சோதபீஸ் ஏலத்தில் கலைந்தது. ஏலத்தைக் குறை சொல்லவில்லை. ஆய்வாளருக்குத் தேவையானது எது, சேகரிப்பாளருக்குப் போக வேண்டியது எது என்று முன்கூட்டியே பிரித்திருந்தால் இரு தரப்பும் பயன்பெற்றிருக்கும்.

வேறு வழியும் இருந்திருக்கிறது. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை எழுதிய எட்மண்ட் ஹாமில்டனின் தாள்களும் அவருடைய மனைவி லீ பிராக்கெட்டின் தாள்களும் கிழக்கு நியூ மெக்சிகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரி சிறுவனாக இருந்தபோதே பக் ராஜர்ஸ் படக்கதைகளைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிச் சேர்த்தவர். 2012-இல் அவர் மறைந்த பின், அவருடைய தாள்களும் அலுவலகப் பொருள்களும் இண்டியானா பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ஆய்வு மையத்துக்கும், சொந்தப் புத்தகங்கள் அவர் பிறந்த வாக்கீகன் நகர நூலகத்துக்கும் சென்றன. ஓவியச் சேகரிப்பு 2014-இல் தனியாக ஏலத்துக்கு வந்தது. தாள்கள் ஆவணக் காப்பகத்துக்கு, காட்சிப் பொருள்கள் ஏலத்துக்கு என்ற இந்தப் பகுப்பு நல்ல வழிமுறை.

என் கணிப்பில், விளிம்பில் குறிப்பு எழுதப்பட்ட பிரதி, எழுத்தாளரின் சொந்தக் கதையைத் தழுவிய காமிக்ஸின் கையெழுத்துப் படி, ஆசிரியர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகிய மூன்றையும் முதலில் ஒரு காப்பகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஈட்டன் தொகுப்பு, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காமிக்ஸ் தொகுப்பு ஆகியவை இத்தகைய பொருள்களை அறிந்தவை. பணத்தேவையால் விற்றே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் மின்படியாக்கி அந்தப் படியையாவது காப்பகத்துக்குக் கொடுங்கள்.

படி 4: பட்டியல் தயாரியுங்கள்

ஒவ்வோர் இதழுக்கும் ஒரு வரி: பெட்டி எண், தலைப்பு, இதழ் எண், அட்டையில் உள்ள மாதமும் ஆண்டும், பதிப்பகம், அட்டை விலை, குறைகள், கையெழுத்தோ குறிப்போ உண்டா என்பது, படத்தின் கோப்புப் பெயர். தலைப்பையும் எண்ணையும் அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். உள்அட்டையிலோ முதல் பக்கத்தின் அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் பார்த்து எழுதுங்கள். மறுபதிப்புகள் ஏமாற்றும். 1974-இல் டிசி நிறுவனம் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்புச் செய்தபோது, வெளியட்டைக்கு உள்ளே பழைய அட்டையை அப்படியே அச்சிட்டது. வெளியட்டை கழன்றுபோன பிரதியை 1938-ஆம் ஆண்டின் மூலம் என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். அளவுகோல் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பக்கங்களை எண்ணுங்கள். நடுத்தாள் கழன்று போயிருக்கிறதா, விளம்பரக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1974 முதல் மார்வெல் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் அச்சான, தபால்தலை போன்ற சிறு வில்லைகளைச் சிறுவர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஹல்க் 181-ஆம் இதழ் போன்ற விலையுயர்ந்த பிரதியில் அந்த ஒரு சிறு சதுரம் இல்லையென்றால் விலையில் பெரும்பகுதி போய்விடும்.

அறிவியல் புனைகதை எழுத்தாளரின் சேகரிப்பில் தனியாகத் தேட வேண்டியவை சில உண்டு. 1940 முதல் 1953 வரை வெளியான பிளானட் காமிக்ஸ், 1950-இல் தொடங்கிய இசி நிறுவனத்தின் விண்வெளி இதழ்கள், டிசியின் ஸ்ட்ரேஞ்ச் அட்வென்சர்ஸ், மிஸ்டரி இன் ஸ்பேஸ் ஆகியவை அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் இளமையில் விரும்பி வாங்கியவை. ஆல்ஃபிரட் பெஸ்டர், ஓட்டோ பைண்டர் போன்ற புனைகதை எழுத்தாளர்கள் காமிக்ஸ் எழுதிப் பிழைத்த காலமும் உண்டு என்பதால், பெயரின்றி வெளியான கதைகளும் இருக்கக்கூடும். ஒரே இதழின் பத்துப் பிரதிகள் கட்டாக இருந்தால், பதிப்பகம் எழுதியவருக்குக் கொடுத்த பிரதிகளாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். வாசகர் கடிதப் பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். பதின்வயது ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கடிதம் 1963-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 20-ஆம் இதழில் அச்சானது. பின்னாளில் பெயர்பெற்ற பலர் முதலில் அச்சேறியது அந்தச் சிறிய எழுத்துப் பக்கத்தில்தான். உங்கள் எழுத்தாளரின் கடிதம் அச்சான இதழை அவரே பாதுகாத்து வைத்திருந்தால், சந்தையில் 20 டாலர் பெறும் அந்தப் பிரதி இந்தச் சேகரிப்பின் அரிய பொருளாகிவிடும்.

படி 5: கெடாமல் வையுங்கள், திருத்த முயலாதீர்கள்

காமிக்ஸ் அச்சான தாள் மரக்கூழில் செய்த மலிவான தாள். அதன் அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். விலையுயர்ந்தவற்றைப் பாலியெஸ்டர் உறைகளிலும் மற்றவற்றைப் பாலிப்ரோப்பிலீன் உறைகளிலும், அமிலமற்ற அட்டையோடு நிறுத்தி வையுங்கள். மாடியறையின் வெப்பமும் நிலவறையின் ஈரமும் பகை. இராமபாணப் பூச்சி அரித்த பெட்டியையும் பூஞ்சை வாடை வரும் பெட்டியையும் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

கிழிசலுக்கு ஒட்டுத்தாள் போடுவது, துருப்பிடித்த பின்னை மாற்றுவது, நிறம் போன இடத்தில் பேனாவால் தீட்டுவது, ஓரத்தைச் சமன்செய்து வெட்டுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். நிறம் தீட்டியது தெரிந்தால் இதழ் சீரமைக்கப்பட்டது என்ற முத்திரையோடு விலை சரிந்துவிடும். அட்டையில் உள்ள பென்சில் எழுத்தை ரப்பரால் அழிப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு: கடைக்காரர் எழுதிய வந்துசேர்ந்த தேதி, அல்லது எழுத்தாளரே சிறுவனாக எழுதிய தம் பெயர், உடைமை வரலாற்றின் முதல் சான்றாக இருக்கலாம்.

படி 6: தரச்சான்று பெறுதல்

2000-இல் தொடங்கப்பட்டு புளோரிடாவின் சரசோட்டாவில் இயங்கும் சிஜிசி நிறுவனம், இதழை 0.5 முதல் 10 வரையான அளவில் தரப்படுத்திக் கடினமான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. 2014-இல் வந்த சிபிசிஎஸ் நிறுவனமும் இதே பணியைச் செய்கிறது. சிஜிசியின் நீல நிறச் சீட்டு வழக்கமானது. ஊதா நிறம் சீரமைப்பைக் குறிக்கும். பச்சை, குறிப்பிடத்தக்க ஒரு குறையோடு தரப்பட்ட மதிப்பைக் குறிக்கும். மஞ்சள், நிறுவனத்தின் சாட்சி முன்னிலையில் இடப்பட்ட கையெழுத்துக்கு உரியது. இறந்தவரின் பழைய கையெழுத்துக்குச் சாட்சி கிடைக்காது. கையெழுத்தை ஆய்ந்து உறுதிசெய்யும் சேவை வேறாக உண்டு. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க எழுத்தாளரின் ஒப்பந்தங்களில் உள்ள கையெழுத்து மாதிரிகளை நீங்களே கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் சான்று வாங்க வேண்டியதில்லை. சான்றுக் கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்ந்து, சான்றால் கூடும் விலையைத் தாண்டினால் அந்த இதழைத் தொகுப்பாகவே விற்றுவிடலாம். எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்திருங்கள். 1977-இல் கொலராடோவில் வெளிவந்த எட்கர் சர்ச் சேகரிப்பு, வாங்கிய நாளில் அடுக்கி வைத்தபடியே இருந்ததால் மைல் ஹை என்ற பெயரோடு இன்றும் தனி விலை பெறுகிறது. எழுத்தாளரின் பிரதிகளோ பெரும்பாலும் வாசிக்கப்பட்டவை. அவற்றின் பெருமை தர எண்ணில் இல்லை.

ஆகையால் மிக முக்கியமானது, தரச்சீட்டிலேயே எழுத்தாளரின் சேகரிப்பிலிருந்து வந்தது என்ற வரியை அச்சிடச் செய்வது. இதை இதழ்களை அனுப்புவதற்கு முன்பே, உயில் நிறைவேற்றுநரின் கடிதம், படி 1-இல் எடுத்த படங்கள், பட்டியல் ஆகியவற்றோடு எழுதிக் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். பாதியை அனுப்பிய பிறகு கேட்டால், முதல் பாதி பெயரற்றதாகிவிடும். மற்றொன்றையும் நினைவில் வையுங்கள்: உறையில் அடைத்தபின் உள்பக்கத்தை எவரும் பார்க்க முடியாது. குறிப்பு எழுதப்பட்ட பக்கங்களை முன்பே மின்படியாக்கிவிடுங்கள். அத்தகைய பிரதியை உறையில் அடைக்காமல், சான்றுக் கடிதத்தோடு திறந்த நிலையில் விற்பதே சிறந்தது என்பது என் கருத்து.

படி 7: ஏல நிறுவனத்தையும் ஒப்பந்தத்தையும் தேர்ந்தெடுத்தல்

டல்லஸின் ஹெரிடேஜ், நியூயார்க்கின் காமிக்கனெக்ட், பென்சில்வேனியாவின் ஹேக்ஸ் ஆகியவை காமிக்ஸ் ஏலத்தில் நெடுங்கால அனுபவம் உள்ளவை. குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் பட்டியலைக் கொடுத்து எழுத்தில் முன்மொழிவு கேளுங்கள். கமிஷன் விகிதத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். எழுத்தாளரைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்களா, அச்சுப் பட்டியலில் தனிப் பகுதி உண்டா, சேகரிப்பு முழுவதையும் அவர் பெயரில் விற்பார்களா என்று கேளுங்கள். எழுத்தாளரின் ஒரு நூலையேனும் வாசித்த அலுவலர் அங்கே இருக்கிறாரா என்பதையும் நான் கேட்பேன்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு. ஓர் இதழுக்கு இறுதிக் கேட்பு 10,000 டாலர். வாங்குவோர் கட்டணம் 20 விழுக்காடு என்றால், வாங்கியவர் 12,000 டாலர் செலுத்துவார். விற்பவரின் கமிஷன் 10 விழுக்காடு என்றால் உங்களுக்கு வருவது 9,000 டாலர். செய்தித்தாளில் வருவது 12,000 என்ற எண்தான். 2012 பிப்ரவரியில், வர்ஜீனியாவில் பெரிய அத்தையின் வீட்டைக் காலி செய்த ஒருவர் கண்டெடுத்த இதழ்களில் 227 மட்டும் சுமார் 35 லட்சம் டாலருக்கு விற்றன என்று படித்தோம். பேட்மேன் முதன்முதலில் தோன்றிய டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழ் 5,23,000 டாலர், ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 2,99,000 டாலர். அவை கட்டணம் சேர்ந்த தொகைகள். சேகரிப்பு பெரிதாக இருந்தால் விற்பவரின் கமிஷனை முற்றிலும் நீக்கவும், வாங்குவோர் கட்டணத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் தரவும்கூட நிறுவனங்கள் முன்வருவதுண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: தரச்சான்று, படம், போக்குவரத்து ஆகியவற்றின் செலவு யாருடையது, பொருள் எந்த நொடியிலிருந்து அவர்களின் காப்பீட்டில் வரும், எந்த மதிப்பில், விலைபோகாத இதழை என்ன செய்வார்கள், வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் என்ன, பொருளைத் திரும்பப் பெற்றால் தண்டம் எவ்வளவு, விற்பனை முடிந்து எத்தனை நாளில் பணம் வரும். முன்பணம் தருகிறோம் என்றால், அதற்கு வட்டி உண்டா என்று பாருங்கள்.

படி 8: எதை எதனோடு, எப்போது விற்பது

மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒரே இதழின் மூன்று பிரதிகள் ஒரே ஏலத்தில் வந்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முதல் ஏலத்தில், பெரிய விலை பெறும் சில இதழ்களோடு, எழுத்தாளர் பெயரை நேரடியாகச் சுமக்கும் பொருள்களையும் சேர்த்து வையுங்கள். வெறும் விலையுயர்ந்த இதழ்களை மட்டும் முதலில் விற்றுவிட்டால், அடுத்த ஏலத்துக்கு வாசகர்களின் கவனம் திரும்பாது. ஒரு தொடர் முதல் இதழிலிருந்து விடாமல் இருந்தால், அதன் விலையுயர்ந்த இதழ்களைத் தனியாகவும் எஞ்சியதை ஒரே லாட்டாகவும், அதாவது ஒன்றாக ஏலம் விடும் ஒரே தொகுதியாகவும், வைப்பது வழக்கம். ஐந்து டாலர், பத்து டாலர் இதழ்களைப் பெட்டி பெட்டியாக விற்கும்போதும், ஒவ்வோர் உறைக்குள்ளும் சேகரிப்பின் பெயர் அச்சிட்ட சிறு சான்றுச் சீட்டை வைக்கச் சொல்லுங்கள். எளிய வாசகர்கள் தம் அன்புக்குரிய எழுத்தாளரின் ஒரு பிரதியை வாங்க முடிவது அந்தப் பெட்டிகளில்தான்.

குறைந்தபட்ச விலையை உச்சத்தில் உள்ள நான்கைந்து இதழ்களுக்கு மட்டும் வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைத்தால் ஏலம் சூடுபிடிக்காது. ஒருமுறை விலைபோகாத இதழ் என்ற பெயர் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டியல் விவரணையில் குறையை மறைக்க வேண்டாம். எழுத்தாளரின் வாழ்க்கையில் அந்த இதழுக்கு இருந்த இடத்தைச் சொல்ல, அவருடைய கட்டுரைகளிலோ நேர்காணல்களிலோ உண்மையில் பதிவான சொல் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கதை கட்ட விடாதீர்கள். சந்தேகத்துக்குரிய ஒரு வரி, பட்டியலில் உள்ள நூறு உண்மைகளையும் நம்பமுடியாதவை ஆக்கிவிடும்.

படி 9: ஏல நாளும் அதன் பிறகும்

இணையவழிக் கேட்பு பல நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும்; பெரும்பாலான உயர்வு கடைசி நேரத்தில்தான் நிகழும். ஆகவே முதல் நாள்களின் குறைந்த எண்ணைக் கண்டு பதற வேண்டாம். விலையை ஏற்றுவதற்காக நீங்களோ உறவினரோ கேட்பது சட்டப்படி மோசடி. குடும்பத்தில் எவரேனும் ஓர் இதழை நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால், அதை ஏலத்துக்கு முன்பே மதிப்பிட்டு, அவர் பங்கில் கழித்துக் கொடுத்துவிடுங்கள்.

பணம் வந்தபின், இதழ்வாரியான தீர்வுக் கணக்கை இறந்த நாளின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு வரிக் கணக்கரிடமும் வாரிசுகளிடமும் ஒப்படையுங்கள். அதோடு, படி 1-இன் படங்கள், படி 4-இன் முழுப் பட்டியல், ஏலப் பட்டியல், ஒவ்வோர் இதழின் லாட் எண்ணும் தரச்சான்று எண்ணும் ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாக்கி, எழுத்தாளரின் தாள்கள் இருக்கும் காப்பகத்தில் ஒரு படி வையுங்கள். சான்று எண் இருக்கும்வரை, இருபது ஆண்டுகள் கழித்து அந்த இதழ் எந்த ஊரில் எவர் கையில் மீண்டும் விலைக்கு வந்தாலும், அது எந்தப் பெட்டியில் எந்த இதழுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை ஓர் ஆய்வாளரால் கண்டுபிடிக்க முடியும்.